ஒரே ஆணியில் இரண்டு சட்டைகள்

முனியாண்டி கை கழுவுவதற்காகத் தண்ணீரில் குனிந்தான். முழங்கை வரை நனைத்து உருவித் தேய்த்தான். மண்புழுவின் சேறு கலங்கிக் கீழே போயிற்று. அதற்குப் பின்னும் ஏதோ ஒன்று மேலே மிதந்து விரிந்தது. மீன் செதில் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதுவரை எங்களுக்கு ஒரு மீனும் விழுந்திருக்கவில்லை.

வெள்ளி நிறத்தில் மெல்லிய படலம் ஒன்று அவனுடைய சட்டைக் கையின் விளிம்பிலிருந்து கிளம்பியது. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் மினுங்கியபடி, என் தக்கை நின்ற இடம் வரை மெதுவாக நகர்ந்து வந்தது.

எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அந்தப் பளபளப்பை விளக்க வேண்டியதில்லை. பட்டாசுக்குள் போகும் அலுமினியப் பவுடர் அது. ஆலையில் வேலை செய்பவர்களின் காது மடலிலும் நகக்கண்ணிலும் குளித்த பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் முனியாண்டி ஆலைக்குப் போகிறவன் அல்லன். சிவகாசியில் லாரிகளுக்கு லோடு ஏற்றுபவன். அவன் சட்டையில் சாக்குத் தூசி இருக்கலாம், வியர்வை உப்பு இருக்கலாம். வெள்ளிக்கு அங்கே வேலையில்லை.

"ஏலே, அது யாரு சட்டை?" என்று கேட்டேன்.

அவன் குனிந்து தன் மார்பைப் பார்த்தான். பிறகு வலது கையைப் பிடரிக்குக் கொண்டுபோய், காலரின் அடிப்பக்கத்தைத் தடவினான். நிறுத்தினான். மறுபடியும் தடவினான். அவன் முகத்தில் மிச்சமிருந்த தூக்கம் அந்தக் கணத்தில் வடிந்து போனதை நான் பார்த்தேன்.

நல்ல நாள் என்பது எது?

அந்தக் காலையை மேலே சொல்வதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தூண்டிலோடு கிளம்பிவிடுவேன் என்று சில வாரங்களுக்கு முன் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். வாசகர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார். தூண்டில் போடுகிறவனுக்கு எது மனம் நிறைந்த நாள், நிறைய மீன் விழுந்த நாளா என்று கேட்டிருந்தார்.

கரையில் உட்காருபவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பை கனத்தால்தான் நாள் என்பவர்கள் உண்டு. ஒரே ஒரு விரால், அதுவும் தூண்டில் நரம்பை அறுக்கப் பார்த்துத் தோற்ற விரால், கிடைத்தால் போதும் என்பவர்கள் உண்டு. வீட்டில் பேச்சு வாங்காமல் போய்த் திரும்பினாலே நல்ல நாள்தான் என்று முனியாண்டி சொல்வான்.

எனக்கு அது தக்கையைப் பற்றியது. மயிலிறகின் தண்டை நறுக்கிச் செய்த சிறு தக்கை, தண்ணீரில் செங்குத்தாக நிற்கும். அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதலில் ஒரு நடுக்கம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு பக்கவாட்டில் ஒரு நகர்வு. அப்புறம்தான் அமிழும். நடுக்கத்துக்கும் அமிழ்தலுக்கும் இடையில் இருக்கிற அந்தச் சிறிது நேரத்துக்காகத்தான் நான் வாரம் முழுவதும் உழைக்கிறேன் என்று சில நேரம் தோன்றும்.

காரணம் இருக்கிறது. எங்கள் ஊர்களில் எல்லோரும் எப்போதும் ஒன்றை எதிர்பார்த்தபடியே இருக்கிறோம். தொலைவில் எங்காவது 'தொம்' என்று கேட்டால் பேச்சு பாதியில் நிற்கும். கடைக்காரர் எடைத்தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார். புகை எந்தத் திசையில், விஸ்வநத்தம் பக்கமா, தாயில்பட்டி பக்கமா என்று பார்த்துவிட்டு, அந்தத் திசையில் வேலைக்குப் போயிருப்பவர்களுக்கு ஆளாளுக்குப் போன் போடுவோம். பெரும்பாலும் கல்குவாரி வேட்டாக இருக்கும். சில நாள் அப்படி இருக்காது.

தண்ணீருக்கு முன்னால் உட்காரும்போது அந்தக் காது ஓய்ந்துபோகிறது. எதிர்பார்ப்பு அங்கேயும் உண்டு. ஆனால் பயமில்லாத எதிர்பார்ப்பு. அது கிடைத்த நாளே நிறைவான நாள் என்று வாசகருக்குச் சொல்லலாம் என நினைத்திருந்தேன்.

கரையின் வழக்கங்கள்

வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர் பின்வாங்கும் ஓரத்தில், சீமைக்கருவேல மரங்களுக்குக் கீழே எங்கள் இடம். மீன் குத்தகை எடுத்தவர்கள் வலைக்காரர்களைத்தான் விரட்டுவார்கள். தூண்டில்காரர்களைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஜிலேபிக் கெண்டைதான் அதிகம் விழும். மழைக்குப் பிறகு கெளுத்தி.

பட்டாசு மருந்து வேலை செய்பவர்கள் தூண்டில் போட வந்தால், அவர்களுக்கு வேறொருவர் புழுக் கோத்துக் கொடுப்பது எங்கள் கரையின் வழக்கம். மருந்து வாடை பட்ட இரையை மீன் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிவிடும் என்கிறார்கள். நான் வேதியியல் படித்தவன். அது உண்மையா என்று சோதித்துப் பார்க்க எண்ணியதுண்டு, சோதித்ததில்லை. ஒருவர் இன்னொருவருக்குப் புழுக் கோத்துக் கொடுப்பதே பார்க்க நன்றாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன்.

எங்கள் கரைக்கு வரக் கூடாதவர்களும் உண்டு. மருந்து கைக்கெட்டும் ஊரில், வெடி போட்டு மீன் அள்ளுகிறவர்கள் இருக்கத்தானே செய்வார்கள். ஒரே சத்தத்தில் குஞ்சும் குறுமீனும் உட்பட எல்லாம் வயிறு மேலாக மிதக்கும். அள்ளியது பாதி, அழுகப் போகிறது பாதி. அதில் விரல்களை இழந்தவர்களை எனக்குத் தெரியும். முனியாண்டியும் நானும் பள்ளிக்கூடத்து நாட்களிலிருந்தே தூண்டிலோடு நின்றுகொண்டவர்கள்.

படிப்பை முடித்த பிறகு, தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு நடத்தும் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் சேர்ந்தேன். ஆலை வாசலில் எதையெல்லாம் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும் என்று சொல்லித்தருவது என் வேலையில் ஒரு பகுதி. சேலையில் குத்திய ஊக்கு, தலைமுடிக் கிளிப், சாவி, செல்போன். இரும்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் இறங்க, அறை வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு, வெறுங்காலோடு நுழைய வேண்டும். இதையெல்லாம் முனியாண்டியின் மனைவி காளீஸ்வரி என்னிடமே கேட்டு, என்னைவிட வேகமாக ஒப்பிப்பாள்.

அவள் தாயில்பட்டிக்கு அப்பால் ஓர் ஆலையில் மருந்து செலுத்தும் வேலை பார்த்தாள். காகிதக் குழாய்களுக்குள் மருந்தை நிரப்பும் வேலை அது. ஓர் அறையில் நான்கு பெண்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஆனால் தீபாவளி நெருங்கும் சீசனில் ஆர்டர் முடியும் வரை ஞாயிறும் வேலை நாள்தான். அந்த ஞாயிறும் அப்படித்தான்.

இப்போது சட்டைக்கு வருகிறேன். ஆலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் கணவருடைய பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வது எங்கள் ஊரில் தெருவில் போகிற குழந்தைக்கும் தெரியும். மருந்துத் தூசி சேலையில் படியாமல் இருக்க அது. முனியாண்டி வீட்டில் அப்படி ஒரு சட்டை இருந்தது. நீலக் கட்டம் போட்டது. அதே துணியில், அதே பொங்கலுக்குத் தைத்த இன்னொரு சட்டையும் இருந்தது. அதைத்தான் அவன் மீன் பிடிக்க வரும்போது போடுவான்.

தூண்டில்காரர்களுக்கு ஆளுக்கொரு பழக்கம் இருக்கும். மாற்றுத் தூண்டில் முள்ளை நரம்பு கட்டித் தயாராக வைத்திருப்போம். ஒன்று அறுந்து போனால் உடனே அடுத்ததைக் கோத்துவிடலாம். நான் அதைக் கார்க்கில் குத்தி வைப்பேன். முனியாண்டி சட்டைக் காலருக்கு அடியில் குத்தி வைப்பான். பையில் வைத்தால் நனைந்து துருப்பிடிக்கும், காலரில் என்றால் இருட்டிலும் கைக்குத் தட்டுப்படும் என்பது அவன் கட்சி.

இரண்டு சட்டைகளும் ஒரே ஆணியில் தொங்கின.

போன் அடித்துக்கொண்டே இருந்தது

"அவ என் சட்டையக் கொண்டுபோயிட்டா மாப்ளே" என்றான் முனியாண்டி.

தூண்டில்களை நட்டது நட்டபடி விட்டுவிட்டுக் கிளம்பினோம். வண்டி அவனுடையது, ஆனால் சாவியை என் கையில் திணித்தான். நான் ஓட்டினேன். அவன் பின்னால் உட்கார்ந்து அவளுடைய எண்ணை அழுத்திக்கொண்டே வந்தான். மணி போய்க்கொண்டிருந்தது. எடுக்கமாட்டாள் என்று இருவருக்கும் தெரியும். போன்களெல்லாம் வாசலில் ஒரு மரப்பெட்டிக்குள் கிடக்கும். இருந்தும் அவன் நிறுத்தவில்லை.

மனதுக்குள் நான் நேரத்தைக் கணக்குப் போட்டேன். விடியும் முன்னே வேன் அவர்களை ஆலையில் இறக்கியிருக்கும். சட்டையைப் பையில் சுருட்டிக் கொண்டுபோய், அங்கே போய்த்தான் போடுவார்கள். வாசலில் சோதனை நடக்கும். ஆனால் காலரின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றாது. என் வகுப்பில்கூட நான் தூண்டில் முள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கலவை அறையிலிருந்து மருந்து வந்து சேர்ந்தால்தான் செலுத்தும் வேலை தொடங்கும். அது இன்னும் வந்திருக்காது என்று ஒரு கணக்கு சொன்னது. சீசனில் சீக்கிரமே வந்துவிடும் என்று இன்னொரு கணக்கு சொன்னது.

மருந்துத் தட்டின்மேல் குனியும்போது அந்த முள் காலரிலிருந்து நழுவினால், கையோ சல்லடையோ பட்டு உரசினால் என்ன ஆகும் என்பதை நான் பலருக்கு விளக்கியிருக்கிறேன். அன்று அதை எனக்கே விளக்கிக்கொள்ள நான் விரும்பவில்லை.

பாதி வழியில் முனியாண்டி என் தோளைத் தொட்டான். "வாசல்ல உண்மையச் சொல்ல வேணாம் மாப்ளே. அவ ஆத்தாளுக்கு முடியல, கையோட கூட்டிட்டு வரச் சொன்னாகன்னு சொல்லிருவோம். வெளிய வந்ததும் முள்ள எடுத்துக்கிடலாம்."

அவன் பயம் எனக்குப் புரிந்தது. இரும்பை உள்ளே கொண்டுபோனவள் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால், அந்த ஆலையில் மட்டுமல்ல, சுற்று வட்டாரத்தில் எந்த ஆலையிலும் செலுத்தும் வேலை கிடைக்காது. சீசனில் அவள் கொண்டுவருவதுதான் அந்த வீட்டை மீதி மாதங்களில் தாங்குகிறது. ஒரு பொய்யால் யாருக்கும் தீங்கில்லாமல் முடியுமென்றால் சொல்லிவிட்டால்தான் என்ன?

வண்டியை ஓட்டியபடியே அதை யோசித்தேன். அம்மாவுக்கு முடியவில்லை என்று கேட்டால் காளீஸ்வரி என்ன செய்வாள்? பதறி எழுவாள். மருந்துக்கு நடுவிலிருந்து, கழுத்தில் அந்த முள்ளோடு, பதறி எழுவாள். அது மட்டுமல்ல. அவள் வெளியே வரும்போது முள் ஏற்கெனவே அறைக்குள் விழுந்திருந்தால், மற்ற மூன்று பெண்களும் அதன் பக்கத்திலேயே தொடர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

இதை அவனிடம் சொன்னேன். போனில் மணி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

ஓடக்கூடாத இடம்

ஆலை வாசலில் வாட்ச்மேன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வண்டியை வெகு தூரத்திலேயே நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். இறங்கி நடந்தோம். அருகில் போனபோது அந்த மரப்பெட்டிக்குள் ஒரு போன் அடித்துக்கொண்டிருந்தது. முனியாண்டி தன் கையிலிருந்ததை அப்போதுதான் அணைத்தான்.

நான் பேசுவதற்காக வாயைத் திறந்தேன். அதற்குள் அவனே சொல்லிவிட்டான்.

"அண்ணாச்சி, நான் காளீஸ்வரி வீட்டுக்காரன். அவ போட்டிருக்க சட்டைக் காலர்ல தூண்டி முள்ளு இருக்கு. தெரியாம மாத்தி எடுத்துட்டு வந்துட்டா. மருந்த எடுக்க விடாதீக."

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கண்ணாடித் தம்ளரைத் தரையில் வைத்தார். எழுந்தார். உள்ளே நடக்கத் தொடங்கினார்.

நடந்தார் என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டாசு ஆலைக்குள் யாரும் ஓடக் கூடாது. ஓடுகிற ஒரே ஓர் ஆளைப் பார்த்தால் போதும், எங்கோ பற்றிக்கொண்டது என்று எல்லா அறைகளிலிருந்தும் எல்லோரும் ஓடுவார்கள். தட்டுகள் கவிழும். மருந்து தரையில் சிதறி, அதன்மேல் கால்கள் உரசும். ஆபத்தே இல்லாத இடத்தில்கூட ஓட்டம் ஆபத்தைக் கொண்டுவந்துவிடும். அதனால் அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேப்ப மரங்களுக்கு இடையே, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ந்ததா என்று பார்க்கப் போகிறவரைப் போல நடந்தார். என் வாழ்நாளில் அவ்வளவு நிதானமான நடையை நான் பார்த்ததில்லை. அவ்வளவு கொடுமையானதையும் பார்த்ததில்லை.

முனியாண்டி வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே தனித்தனியாக நிற்கும் சிறு அறைகள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெற்றிடம். வாட்ச்மேன், வேலையை மேற்பார்க்கும் போர்மேனிடம் ஏதோ சொல்வது தெரிந்தது. போர்மேனும் நடந்தார். ஓர் அறையின் வாசலில் நின்று உள்ளே பார்த்துப் பேசினார்.

ஒரு பெண் வெளியே வந்தாள். பின்னால் இன்னொருத்தி. அப்புறம் மூன்றாமவள். சற்று நேரம் யாரும் வரவில்லை. முனியாண்டியின் உதடுகள் அசைந்தன. என்ன சொன்னான் என்று கேட்கவில்லை.

காளீஸ்வரி கடைசியாக வந்தாள். இரு கைகளையும் உடம்பில் படாமல் விரித்துப் பிடித்தபடி, கழுத்தைத் திருப்பாமல், ஈரத் தரையில் நடப்பவளைப் போல அடி எடுத்து வைத்தாள். அறைகளை விட்டு வெகு தூரம் விலகி, வெறும் மண்ணில் அவளை நிற்க வைத்தார்கள். பொத்தான்களை அவளே கழற்றினாள். போர்மேன் ஈரச் சாக்கை விரித்து, சட்டையை அதன்மேல் போடச் சொன்னார். உட்கார்ந்து காலரைப் புரட்டினார். பிறகு எதையோ இரண்டு விரல்களில் பிடித்து, எங்கள் பக்கமாகத் தூக்கிக் காட்டினார். அங்கிருந்து எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு சிறியது அது.

அவள் கேட்டுக்கு வந்தாள். கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். தன்னுடைய சட்டை அவன் மேல் இருப்பதையும் பார்த்தாள்.

"நீங்க மீன் பிடிக்கப் போனீகளா, என்னையப் பிடிக்கப் போனீகளா?"

முனியாண்டி தலை குனிந்து நின்றான். வாட்ச்மேன் ஆறிப்போன தேநீரை எடுத்து மண்ணில் ஊற்றினார்.

மருந்து வந்து தட்டில் இறங்கியிருந்தது என்றும், முதல் கையை வைக்கும்போதுதான் போர்மேன் வந்தார் என்றும் பின்னால் அவள் சொல்லித் தெரிந்துகொண்டோம்.

போர்மேன் எங்களிடம் குரலை உயர்த்தவில்லை. அந்த அறை அன்றைக்கு மூடப்படும் என்றார். காளீஸ்வரி இனிமேல் செலுத்தும் பக்கம் வர வேண்டாம் என்றார். நான் என்னால் இயன்ற அளவு பேசினேன். தாமாக வந்து சொன்னவர்களுக்கு வேலை போகுமென்றால், அடுத்த முறை ஓர் ஊக்கு மாட்டிக்கொண்டாலும் யாரும் சொல்லமாட்டார்கள், மறைக்கத்தான் பார்ப்பார்கள், அது எல்லோருக்கும் ஆபத்து என்றேன்.

அவர் முழுவதும் கேட்டார். "நீங்க சொல்லுறது சரிதான் சார். ஆனா இத நான் முதலாளிகிட்டச் சொல்லாம இருக்க முடியாதுல்ல" என்றார். அதிலும் தவறில்லை. நான் கேட்டதும் அவர் செய்ததும் ஒரே விஷயத்தைத்தான். சொல்ல வேண்டியதைச் சொல்வது.

மூன்றாவது ஆள்

வீட்டுக்குப் போகும் வழியும் தூண்டில்கள் கிடக்கும் வழியும் ஒன்றே. வேறு வண்டியில்லாததால் மூவரும் ஒரே வண்டியில் போனோம். அணைக்கரை வந்ததும் காளீஸ்வரி இறங்கிக்கொண்டாள். இந்த நேரத்தில் தெருவுக்குள் போனால் ஆள் ஆளாக வந்து கேட்பார்கள், பொழுது சாயட்டும் என்றாள்.

அவள் அந்தக் கரைக்கு வந்தது அதுவே முதல் முறை.

என் தூண்டில் அப்படியே நின்றது. முனியாண்டியின் கம்பை ஏதோ ஒரு மீன் தண்ணீருக்குள் இழுத்துப் போட்டிருந்தது. அவன் இடுப்பளவு இறங்கித் துழாவி எடுத்தான். அவள் கருவேல நிழலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த மாதம் என்ன செய்வது, யாரிடம் வேலை கேட்பது என்று அவன் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவளுடைய சோற்று வாளி ஆலையிலேயே இருந்துவிட்டது. நான் கொண்டுபோயிருந்த காராச்சேவைப் பகிர்ந்துகொண்டோம். எங்களைவிட அவள்தான் நிறையச் சாப்பிட்டாள்.

உச்சி வெயில் சாய்ந்த பிறகு எழுந்து வந்தாள். யாரையும் கேட்காமல் முனியாண்டியின் கையிலிருந்து கம்பை வாங்கிக்கொண்டாள். நான் புழுக் கோத்துக் கொடுத்தேன்.

அவளுக்குத் தக்கையைப் பார்க்கச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கண்ணை எடுக்காமல் பார்த்தாள். வெகு நேரம் ஒன்றுமில்லை. நடுங்கியது, நகர்ந்தது, அமிழ்ந்தது. ஒரு ஜிலேபி, உள்ளங்கை அகலம், துள்ளிக்கொண்டு கரைக்கு வந்து விழுந்தது.

மீனை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, வாயிலிருந்து முள்ளைக் கழற்றப் போனாள். அங்கேதான் நின்றுவிட்டாள். மீனின் உதட்டுக்கு வெளியே முள்ளின் நுனி லேசாக நீட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா இருந்துச்சு?" என்றாள்.

காலையிலிருந்து கேலியும் கோபமுமாக இருந்தவளின் ஒரு கை அப்போதுதான் தானாகப் பிடரிக்குப் போயிற்று. முனியாண்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மீனை அவளிடமிருந்து மெதுவாக வாங்கி, முள்ளைக் கழற்றி, வாளித் தண்ணீரில் விட்டான். அவளிடம் மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன். அவன் தோள்கள்தான் குலுங்கின. அவள் தன் முந்தானை நுனியை அவன் பக்கம் நீட்டினாள். நான் எழுந்து புழு தோண்டுவதற்காகச் சற்றுத் தள்ளிப் போனேன். புழு தேவைக்கு மேலேயே இருந்தது.

திரும்பி வந்தபோது அடுத்த மீனை அவள் பிடித்திருந்தாள். அதன் முள்ளை அவளே கழற்றினாள். அதற்கடுத்ததையும். எங்கள் இருவரையும் சேர்த்தாலும் அவள் பிடித்த அளவுக்கு வரவில்லை. "அண்ணே, ஒங்க தக்கை தூங்குது. எழுப்பி விடுங்க" என்று ஒரு முறை சொன்னாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

அந்தப் பிற்பகல் முழுவதும் எங்கும் ஒரு சத்தமும் கேட்கவில்லை. காற்று கருவேல முள்ளில் உரசும் ஒலிதான். கேட்காமல் போன ஒரு சத்தத்தை அவ்வளவு கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்த நாள் என் நினைவில் வேறில்லை. காது ஓய்வதுதான் நிறைவு என்று வாசகருக்கு எழுத நினைத்திருந்தேன் அல்லவா? அன்று என் காது ஒரு கணமும் ஓயவில்லை. ஆனாலும் அதைவிட நிறைவான நாள் எனக்கு அந்தக் கரையில் வாய்த்ததில்லை.

வேன் நின்றது

பொழுது சாயும் நேரத்தில், அணைக்கரைச் சாலையில் ஆலை வேன் வந்தது. எங்களைப் பார்த்தோ, யாரோ சொல்லியோ, அது நின்றது. அவளுடைய அறையில் இருந்த மூன்று பெண்களும் இறங்கி வந்தார்கள். அவர்களில் வயதில் மூத்தவள் மாரியம்மாள். காளீஸ்வரியின் சோற்று வாளியை அவள்தான் கொண்டுவந்தாள். சோற்றை நாங்களே தின்றுவிட்டோம், கெட்டுப்போகும் அல்லவா என்றாள்.

பிறகு நடந்ததைச் சொன்னாள். வேறு அறைக்குப் போய் உட்காரச் சொன்னபோது மூவரும் போகவில்லையாம். வேப்ப மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார்களாம். உயிரைக் காப்பாற்ற உண்மையைச் சொன்னவர்களை விரட்டினால், நாளைக்கு எங்களில் யார் எதைச் சொல்வோம் என்று கேட்டார்களாம். காலையில் நான் போர்மேனிடம் சொன்னதும் அதைத்தான். ஆனால் நான் வாசலுக்கு வெளியே நின்று சொன்னேன். அவர்கள் ஆர்டர் முடிய வேண்டிய சீசனில், வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து சொன்னார்கள். மதியத்துக்கு மேல் முதலாளி வந்திருக்கிறார்.

"செலுத்துற ரூம் கெடையாதுன்னுட்டாரு. அதுல மாத்தமில்ல" என்றாள் மாரியம்மாள். "நாளையிலருந்து கொளாய் உருட்டுற செட்டுக்கு வரச் சொல்லிட்டாரு. கூலி கொறச்சல்தான். நீ என்ன சொல்லுதே?"

காகிதத்தை உருட்டிக் குழாய் செய்யும் கொட்டகை அது. அங்கே மருந்து கிடையாது. முனியாண்டி என்னைப் பார்த்தான். குறைகிற கூலியை அவன் மனதுக்குள் கணக்குப் பார்ப்பது தெரிந்தது. காளீஸ்வரி வாளியில் இருந்த மீன்களைக் கைவிட்டு அள்ளி, மூவரின் பாத்திரங்களிலும் பங்கு போட்டுக்கொண்டிருந்தாள். பெரியதாகப் பார்த்து மாரியம்மாளுக்கு வைத்தாள்.

"அங்கன ஞாயித்துக்கெழமை லீவு உண்டா?" என்று கேட்டாள்.

"உண்டு. சீசன்லயும் உண்டு."

வேன்காரர் ஹாரன் அடித்தார். பெண்கள் ஏறிக்கொண்டார்கள். காளீஸ்வரி அவர்களோடு போகவில்லை. கைகளை ஈரத்தோடு சேலையில் துடைத்துக்கொண்டு, கணவனிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னாள்:

"அப்ப எனக்கும் ஒரு தூண்டி வாங்கணும்ணே. முள்ளையெல்லாம் இனிமே நான் வச்சுக்கிடுதேன்."

முனியாண்டி பைக்குள் கைவிட்டு, மிச்சமிருந்த முட்களின் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.